செலக்டர்

வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன்.
டேனரி வாசனை.
"குளிச்சிட்டுத்தாம்மா வந்தேன்" என்றார் முனவ்வர்.
மேல்விஷாரத்தில் இருபத்தாறு வருஷமாகத் தோல் செலக்டர்.

விலா இடுக்கில் ஜெல்.
வேலூர் மே மாதத்துக்கு இதுவாவது ஜில்லுனு இருக்கே என்று சிரித்தார்.
மூச்சு விடாதீங்க.
டொக்.

உள்ளே ஓர் அலை போகும்.
மெத்தென்ற சதையில் தயங்கும்,
இறுகிய சதையில் ஓடும்.
வேகமாக ஓடினால் நல்லதில்லை,
அதை நான் சொல்லவில்லை.
பத்து முறை டொக்.

"எங்களுக்குக் கட்டைவிரல் போதும்.
அடிவயிறு தொளதொள, முதுகு கெட்டி,
கழுத்துல உண்ணி கடிச்ச தடம்.
ஒரே ஆடுதான், நாலு தரம்."

கருவியைச் சரிபார்க்க வைத்திருந்த
ரப்பர் உருளைகளை ஒவ்வொன்றாக அமுக்கி
இளகலிலிருந்து இறுகல்வரை அடுக்கிவிட்டார்.
அடியிலிருந்த லேபிள்களைப் பார்த்தேன்.
ஒன்றும் தப்பில்லை.

அன்றிரவு அவர் ஈரல் என் திரையில்,
நாற்பதாயிரம் நான்முகத் துண்டுகளாக.
உதரவிதானத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்கினேன்.
இடது மடல் கொஞ்சம் வளைந்தது.
வலது, வளையாமல் அப்படியே இறங்கியது,
பூட்டிய பீரோவை நகர்த்துவதுபோல.

காலையில் ரிப்போர்ட்.
பதினாலு புள்ளி இரண்டு கிலோபாஸ்கல்.
தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி
ஓட்டை தேடுகிறவர்போல் பார்த்தார்.

"இது எத்தனாவது தரம்மா?"

டாக்டர் சொல்வார் என்றேன்.
சட்டைக்குள் கைவிட்டு, விலாவுக்குக் கீழே
கட்டைவிரலை அழுத்தினார்.
"விரல் போகலையே..."
கையை எடுத்து
ஜெல் காய்ந்து மொரமொரத்த சட்டைக்குப்
பட்டன் போட்டுக்கொண்டார்.