சூடு ஆறும்வரை

கிண்ணியாப் பாலம் ஏறுகையில்
ஹெல்மெட்டுக்குள் உப்புக் காற்று.
பையில் முப்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவம்,
நூற்றுக்குப் பன்னிரண்டு கழிவு என்ற கடிதம்,
துணியில் சுற்றிய மைக்ரோமீட்டர்.
சீனன்குடாவில் படகு கட்டும் கம்பனி
வழங்குநர் மேம்பாடு என்று
எனக்கொரு பதவி தந்திருக்கிறது.
மஸாஹிராவின் பட்டறையில்
என் பெயர் வேறு:
குறை பிடிக்க வாற பிள்ளை.

முதல் தடவை நான் பேசினேன்,
ஐந்து தலைப்பில், படம் போட்டு.
பையன்கள் தலையாட்டினார்கள்.
கடைசல் இயந்திரம் சும்மா நின்ற
அந்த இரண்டு மணிநேரத்தில்
நாற்பது புஷ் குறைந்ததை
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை படிவம் நிரப்பினேன்.
எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார்கள்.
ஓம் எத்தனை வகையென்று
அப்போது எனக்குத் தெரியாது.

இன்று பேனாவை எடுக்கவில்லை.
எண்ணெய் ட்ரம்மைக் கவிழ்த்து அதில் குந்தி
அஸ்மீரின் கைகளைப் பார்த்திருக்கிறேன்,
மத்தியானத்திலிருந்து.
பித்தளை சுருள் சுருளாய் உதிர்கிறது.
மூன்றரை மணி.
புஷ்ஷைக் கழற்றுகிறான், ஊதுகிறான்,
ஒரு கையிலிருந்து மறு கைக்கு
எறிந்து எறிந்து பிடிக்கிறான், அளக்கிறான்.
இருபத்தைந்து. சரி. பெட்டிக்குள்.
அடுத்தது. சரி. பெட்டிக்குள்.

ஏன் எறிகிறாய்?
"சுடுதே, மிஸ்."

சுடுதே.
சூட்டில் இருபத்தைந்தாய் நின்றது
எங்கள் மேசையில் ஆறிக் கிடக்கையில்
நூறில் மூன்று மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும்.
வாயைத் திறக்கப் போனேன்.
இந்த வேலையில் நான் கற்றது கொஞ்சம்;
அதில் ஒன்று, திறந்த வாயை
தேநீருக்காகத் திறந்ததுபோல் காட்டுவது.

இஞ்சிப் பிளேன்ரீயை நீட்டியபடி
மஸாஹிராவே தொடங்கினார்:
"ஆற வைக்கத் தெரியாமலில்ல மகள்.
ஓடர் பன்னிரண்டு மணிக்கு, போன்ல.
லொறி நாலு மணிக்கு, வாசல்ல.
இடையில எது ஆறும்?"

லொறியை நாலு மணிக்கு வைத்தது
போன வருடம் ஒரு கூட்டம்.
குளிரூட்டிய அறை, மரவள்ளிப் பொரியல்,
கை உயர்த்தியவர்களில் நானும்.

சொன்னேன், அதை அவரிடமே.
அஸ்மீர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு அவனாகவே சொன்னான்,
திருகாணி தேய்ந்த கதை,
பித்தளைக் கம்பியில் மண் கலந்து வருகிற கதை,
படிவத்தில் இல்லாத இன்னும் நாலைந்து.

திரும்பும் வழியில்
சட்டைப் பையில் ஒரு புஷ்.
அவன் தரும்போது
தோலில் சுட்டது.
நாளை திலகசிறியின் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும்:
ஓடர் முதல் நாளே போகட்டும்,
லொறி காலை ஏழுக்குப் போகட்டும்.
அவர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்பார்,
"நீங்க யாருட பக்கம்?"

பதில் இன்னும் அமையவில்லை.
பாலத்தின் நடுவில் பைக்கை ஓரங்கட்டி
புஷ்ஷை எடுத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் சூடு
இன்னும் இருந்தது.