ஆல்

தேன்கனிக்கோட்டை நீதிமன்றத்தில்
பதினோரு வருஷமாய்த் தட்டச்சு செய்கிறேன்.
இரண்டே எழுத்துக்காக
இரண்டு நாள் வாதம் நடந்து பார்த்தது
அந்த ஒரு முறைதான்.

"வனவிலங்கால் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு"
என்கிறது பிரிவு.
திம்மராயனைக் கொன்றது மின்சாரம்.

மார்கழிப் பின்னிரவு. ராகி அறுப்புக்கு இன்னும் நாலு நாள்.
ஜவளகிரிப் பக்கமிருந்து இறங்கிய ஒற்றை
வரப்புத் தென்னையைச் சாய்த்தது.
தென்னை கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்தது.
தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஓடியவன்
ஈரத்தில் கால் வைத்தான்.

வனத்துறை வக்கீல் பிரேதப் பரிசோதனையைத் தூக்கிக் காட்டினார்:
தந்தக் காயமில்லை, மிதிபட்ட தடமில்லை,
வலது பாதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருகல்.
மின்வாரிய வக்கீல் சொன்னார்:
கம்பி தானாக அறவில்லை, போய் யானையைக் கேளுங்கள்.
இரண்டும் உண்மை.
நடுவில் நின்ற கெம்பம்மா
கன்னடத்தில் ஏதோ கேட்டாள்.
தருமபுரிக்காரன், எனக்குக் கன்னடம் அரைகுறை;
அது பதிவில் இல்லை.

அகராதி கேட்பார் என்று எடுத்து வைத்திருந்தேன்.
நீதிபதி கேட்டது வேறு:
"ராஜாவால் கட்டப்பட்ட கோயில் என்கிறோம்.
ராஜா எத்தனை கல் சுமந்தார்?"
பின்பெஞ்சில் சிரிப்பு.
எட்டாம் வகுப்பில் உருப்போட்டு மறந்த
ஏவுதல் கருத்தாவும் இயற்றுதல் கருத்தாவும்
என் விரல்நுனிக்கு வந்து நின்றார்கள்.
வக்கீல் அசரவில்லை.
"ராஜா ஏவினார் அம்மா.
யானை யாரையும் ஏவவில்லையே."

"சரி. இலக்கணத்தை விடுவோம்.
இதை ஏன் எழுதினார்கள்?"

இரு தரப்பும் கொடுத்த நகலில்
முதல் பக்கமே இல்லை.
பதிவறையிலிருந்து புத்தகம் வந்தது,
ஓரமெல்லாம் கரையான்.
முகவுரையைச் சத்தமாக வாசித்தார்:
காடு எல்லோருக்குமானது,
அதன் பாரம் காட்டோரத்தார் தலையில் மட்டும் விழலாகாது.

பிறகு எனக்குச் சொல்லத் தொடங்கினார்:
"காயத்தின் வடிவத்தை அளப்பதற்காக
அவர்கள் கூடி உட்காரவில்லை.
யானை வரும் என்று தெரிந்தே விதைத்து,
வரும் என்று தெரிந்தே கண்விழிக்கிறவனை
நினைத்து உட்கார்ந்தார்கள்.
அவன் விழித்திருந்தான். அது வந்தது. அவன் இல்லை.
இடையில் கம்பி இருந்ததால்
சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது."

மனு ஏற்கப்பட்டது.
கெம்பம்மாவுக்கு யாரோ விளக்கினார்கள்.
அவள் தலையாட்டியது
புரிந்தா, களைத்தா, தெரியவில்லை.

போன ஆடியிலும் இதே மேசை, இதே நீதிபதி.
அஞ்செட்டி ருத்ரப்பா.
யானை யானை என்று எவனோ கத்த,
இருட்டில் ஓடி, கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில்.
அன்று யானை வரவே இல்லை.
"நோக்கத்துக்கும் வரப்பு உண்டு" என்றார்.
அந்த வாக்கியத்தை மூன்று முறை திருத்தினார்.
மூன்று முறையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

இன்று இரண்டு கட்டுக்கும் நாடா சுற்றும்போது
பழையதைப் பிரித்துப் பார்த்தேன்.
நாலாவது பக்கம், மேலிருந்து ஆறாவது வரி:
அச்சத்தால் ஓடி, என்றிருக்கிறது.

அதே ஆல்.