ஏழாவது கட்டம்

கோபாலபுரம் தாண்டினால் கேரளம்.
தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் என் மேசை,
ஒரு தெர்மாமீட்டர், கிருமிநாசினி வாளி,
மஞ்சள் தாளில் அச்சிட்ட சான்றிதழ்க் கட்டு.
செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிச் சந்தை கலைந்தால்
ராத்திரி பத்துக்குமேல் லாரிகள் வரிசைகட்டும்.
உள்ளே மாடுகள் குறுக்காக நிற்கும்,
ஒன்று விட்ட மூச்சை இன்னொன்று இழுத்தபடி.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
வெக்கை நோய்த் தடுப்பூசி போட்ட தேதி.
மாட்டுக்கொரு தாள். தாளுக்கொரு கோடு கிழிக்கிறேன்.
பொருந்தாது.
பொருந்தாது.
எனக்குப் பால்பல் விழும் முன்பே
இந்தத் தேசத்தில் அது செத்துவிட்டது.
மூன்றாம் ஆண்டுத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி,
அறிகுறிகளை எழுதுக.
எழுதினேன்: காய்ச்சல், வழியும் கண்,
ஈறுகளில் தவிடு தூவியதுபோல் புண்,
பீய்ச்சியடிக்கும் கழிச்சல், ஆறாம் நாளோ ஏழாம் நாளோ சாவு.
ஒன்பது மதிப்பெண்.
பார்த்ததே இல்லை.

பீரோவின் அடித்தட்டில் ஒரு பதிவேடு கிடந்தது.
கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது, எண்களைத் தொடவில்லை.
சே. உதுமான் ராவுத்தர், கம்பவுண்டர்.
"ஐஸ் உருகியது. நாற்பது குப்பி வீண். மேலிடத்துக்கு எழுதினேன்."
"பதில் இல்லை."
"பதில் இல்லை."
"சைக்கிளில் பாலக்காடு போய் ஐஸ் வாங்கினேன்.
ஒரு ரூபாய் இரண்டணா. கைக்காசு."
"கூழைப்பனைக்காடு. மாடு முப்பத்தொன்று.
ஊசி போட்டால் பால் வற்றும் என்கிறார்கள். திரும்பிவிட்டேன்."
அடுத்த பக்கத்தில் அதே ஊர்.
"குழி இருபத்தாறு."
அவ்வளவுதான். அதன் கீழே மை கொஞ்சம் பரவியிருக்கிறது,
மழையாகவும் இருக்கலாம்.

அந்தக் குப்பிகளுக்குள் இருந்தது ஆடு.
எங்கோ ஒரு மலைமேல் ஆய்வுக்கூடத்தில்
மாட்டைக் கொல்லும் நோயை ஓர் ஆட்டுக்குள் செலுத்தி,
அதிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு,
நூற்றுக்கணக்கான ஆடுகள்,
அது மாட்டைக் கொல்ல மறக்கும்வரை.
அந்த மறதியைத்தான் ராவுத்தர்
கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்திருக்கிறார்.
ஆடுகளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

போன செவ்வாய், மணி ரெண்டே கால்.
அக்கரை போன லாரி பின்னாலேயே திரும்பி வந்தது.
"டாக்டரே, ஏழு காலியா இருக்குன்னு தள்ளிவிட்டுட்டாரு.
புது ஆளு. கோடு போட்டா செல்லாதாம்.
ஏதாச்சும் ஒரு தேதி எழுதுங்க,
விடியறதுக்குள்ள பட்டாம்பி போய்ச் சேரணும்."
அப்புக்குட்டன் கையில் பதினான்கு மஞ்சள் தாள்.
வெள்ளிக்கிழமைக்குள் கறியாகப்போகிற பதினான்கு.

கடைசியில் நின்ற கிடாரி வாயில் நுரை.
டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு உதட்டைத் தூக்கினேன்.
நான் கேட்காமலே விரல் ஈறுக்குப் போனது,
தவிட்டைத் தேடி.
இல்லை.
நாக்கின் அடியில் ஒரு பனஞ்சிலாம்பு குத்தி நின்றது.
பிடுங்கினேன். அது என் முழங்கை வரை நக்கியது.

"வெக்கைன்னா என்ன டாக்டரே?
எங்க அப்பன் திட்டுறப்ப சொல்லும்,
வெக்கையில போறவனேன்னு.
வெயிலைச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

பொய்த்தேதி எழுதக் கை வரவில்லை.
ஏழாவது கட்டத்தில், கோட்டுக்கு மேலே,
நோய் உலகில் இல்லை, என்று எழுதினேன்.
எழுதி வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன்.
நோய் உலகில் இல்லை.
பதின்மூன்று முறை.
பதினான்காவது தாளில் தூக்கமோ என்னவோ,
ஒரு ரூபாய் இரண்டணா, என்று விழுந்துவிட்டது.

அடிக்கவில்லை.
அக்கரையில் அதன்மேலும் சீல் குத்தி
லாரியை விட்டுவிட்டார்கள்.