ஈர்க்கு

ஞாயிறு இரண்டாம் பூசை கழிந்ததும்
மைக்கில் சொன்னார்கள்:
போன வருடக் குருத்தோலை வைத்திருப்போர்
பையன்கள் வரும்போது கொடுத்துவிடவும்,
புதன்கிழமைச் சாம்பலுக்கு.
பிறகு, கறுப்புக் குடை ஒன்று கோயிலில் இருக்கிறது,
உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

குடை என்னுடையதல்ல.
ஓலைக்குத்தான் முழிக்கிறேன்.

வாங்கி வந்த அன்று ஒரு கை நீளம் இருந்தது.
குருசாய் முடைந்து நிலைமேல் வைத்ததைக்
கரையான் தின்றது.
மிச்சத்தைத் திருக்குடும்பப் படத்தின் பின்னால் செருகினேன்.
அப்புறம் அது
கேட்டவர்களுக்கெல்லாம் போனது.

பெர்க்மான்ஸ் மஸ்கட் போகையில்
ஒரு துண்டு பாஸ்போர்ட்டுக்குள்.
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில்
மாங்காய் ஊறுகாயை எடுத்து வெளியே வைத்தவன்
ஓலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு
உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னானாம்.

துலாமழையில்
பேச்சிப்பாறைப் பக்கம் இடி உருண்ட ராத்திரி
ஒரு துண்டைக் கனலில் போட்டுப் புகைத்தேன்.
இடி மலைக்கு அப்பால் போனது.
கரண்டு மட்டும் மறுநாள் மதியம்தான் வந்தது.

அடுத்த வீட்டுத் தங்கலீலா,
பசு பால் சுரக்கவில்லை,
"உங்க கோயில் ஓலையில கொஞ்சம் தாயேன்" என்று வாங்கிப்போய்க்
கொம்பில் கட்டினாள்.
கன்று அதைத் தின்றுவிட்டது.
மூன்றாம் நாள் பால் வந்தது.
யார் கணக்கில் எழுத?

ஆன்சி ஹால் டிக்கெட்டோடு கொண்டுபோனாள்.
வேதியியல் போய்விட்டது.
மாதாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆன்சியிடம் சொன்னேன்,
நிறையச் சொன்னேன்.

இருநூற்றுப் பதினாலாம் மரம்
நாலு மாதமாய் என் கத்திக்கு ஒரு சொட்டு விடவில்லை.
விடியற்காலம் மூன்று மணி, தலையில் லைட்,
சிரட்டைக் கம்பியில்
ஓலை நுனியைச் சுற்றிவிட்டேன்.
எனக்கே சிரிப்பு வந்தது.
மரம் சிரிக்கவுமில்லை, பால் விடவுமில்லை.

கடைசியில் ஈர்க்கு மட்டும்.
அதையும் சும்மா விட்டேனா?
கேஸ் அடுப்பின் அடைப்பைக் குத்தினேன்.
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வதா என்று
வரிசை முழுக்க யோசித்து
என் முறை வந்தபோது
வேறொன்றைச் சொன்னேன்.

சாயங்காலம் சாக்கோடு வந்தார்கள்
ரூபனும் இன்னும் இரண்டு பீடப்பையன்களும்.
"ஈர்க்குதான் மக்களே இருக்கு."
ரூபன் மோந்து பார்த்தான்.
"கேஸ் மணக்குது சித்தி."
சாக்கில் போட்டுக்கொண்டான்.

புதன் காலைப் பூசைக்கு
யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை.
மாசியில் கடையாலுமூடு முழுக்க
ரப்பர் இலை கொட்டிவிடும், கத்திக்கு வேலையில்லை.
திருச்சபை சொல்வதற்குப் பத்து நாள் முந்தியே
எங்கள் வீட்டில் நோன்பு தொடங்கியிருந்தது.

சாமியார் பெருவிரலை அழுத்தினார்.
நீ மண் என்றார்,
சற்று அவசரமாய்,
எனக்குப் பின்னால் நூற்றைம்பது மண்.
இடத்துக்குத் திரும்பும்போதுதான் தோன்றியது:
இது யார் வீட்டு ஓலை?

முன் பெஞ்சில் ரோசிலி.
குழுக் கடனில் எட்டாயிரம்,
ஒன்பது மாதமாய் என்னைக் கண்டால் வழி மாறுகிறவள்.
அவள் நெற்றியிலும் அதே கரி.
அவள் வீட்டு இடி, அவள் பிள்ளையின் பரீட்சை,
அவள் அடுப்பு அடைப்பு,
எல்லாம் எரிந்து
என் புருவத்துக்கு மேல் இருக்கிறதென்றால்?

இன்று கேட்பதாகத்தான் இருந்தேன்.
வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்,
வழி மாற இடமில்லை.
"கஞ்சியும் பயறுமா இன்னைக்கு?"
"கஞ்சி" என்றாள்.

உயிர்ப்பு வரை தவணை.
அதற்கப்புறம் கேட்பேன்.
கட்டாயம் கேட்பேன்.

மத்தியானம் தோட்டத்தில்
தீப்பிடிக்காதிருக்க இலை கூட்டினேன்.
வியர்வையில் சாம்பல் இறங்கிக் கண்ணில் விழுந்தது.
எரிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்
இருநூற்றுப் பதினாலின் கம்பியில்
அந்த ஓலை நுனி.

அதைக் கொடுக்க
மறந்தே போயிருக்கிறேன்.