உள்ள சரக்கு

மூன்று பேரைப் பார்த்துவிட்டுத்தான் இவரிடம் வந்தேன்.
முதல் ஆள் டீ வருவதற்குள் தொகையைச் சொன்னார்,
டீ வந்ததும் தள்ளுபடி.
இரண்டாமவர் ஒரே கம்பெனியின் பெயரை
சாமி பெயர் போல ஒன்பது தடவை சொன்னார்.
மூன்றாமவர் கடைசிவரை போனில் மட்டுமே இருந்தார்.

பெனாசிரின் அறை தெற்குமாசி வீதியில்,
மருந்துக் கடைக்கு மேல். பதினெட்டுப் படி.
சுவரில் புரோக்கர் உரிமம்.
அது முடியும் தேதியை
அவரே சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.
அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

"நான் ஏஜெண்டு இல்லண்ணே.
அவுக கம்பெனிக்காக உங்ககிட்ட வருவாக.
நான் உங்களுக்காகக் கம்பெனிககிட்டப் போவேன்.
கமிஷன் எனக்குக் கம்பெனிதான் தருது.
அதையும் தெரிஞ்சுகிட்டு நம்புங்க."

பிறகு கேள்விகள்.
செல்லூரில் எந்தத் தெரு,
கண்மாய்க்கரைக்கு எத்தனை அடி,
தறி எட்டா பன்னிரண்டா,
வயரிங் மாற்றி எத்தனை வருஷம்,
நூல் மூட்டை தரையிலா பலகையிலா.

"எரிஞ்சாலோ நனைஞ்சாலோ எவ்வளவு போகும்?"

எவ்வளவு வரும் என்றுதான்
இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.
மனைவிக்கு ஒன்று, பேங்குக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என்று
சொல்லிப் பழகிய வாய்
நாலாவதாய் ஒன்றைத் தேடியது.
இருபது லட்சம் என்றேன்.

நிமிராமலே கேட்டார்:
"உள்ளதா, எழுதுறதுக்கா?"

நாற்பது.

சொன்னதும் கீழே பஸ் ஹாரன் கேட்டது,
அதுவரை வீதியே இல்லாதது போல.

காலண்டர் தாளைக் கிழித்துக் கோடு போட்டார்.
"நாப்பது உள்ள இடத்துல இருபதுக்குப் போட்டா
பத்து லட்சம் நனைஞ்சாலும் அஞ்சுதான் வரும்.
மிச்சத்துக்கு
நீங்கதான் கம்பெனி."

மூன்று இடத்து விலை வாங்கி வந்தார்.
குறைந்ததன்மேல் விரலை வைத்தேன்.
அதன் பதினோராம் பக்கத்தைத் திருப்பினார்:
எறும்பு எழுத்தில் ஒரு வரி, வெள்ளம் நீங்கலாக.
கண்மாய்க்கரைக்காரனுக்கு வெள்ளம் நீங்கலாக!
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஷட்டருக்கு அடியில் தண்ணீர் வந்தது,
வாடிக்கையாளர் போல மெதுவாக, பிறகு இடுப்பு வரை.
காலை ஐந்து மணிக்கு அழைத்தேன்.
ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
"எதையும் வெளிய எறியாதீங்க.
மொதல்ல போட்டோ. நனைஞ்சதத் தனியா எண்ணுங்க.
கம்பெனிக்கு இன்னைக்கே தகவல் போகணும்,
அத நான் பாத்துக்கிறேன்."
துக்க வீட்டில் உட்கார்ந்து
ஈரத் துண்டு எண்ணினோம், டஜன் டஜனாக.

கோயம்புத்தூரிலிருந்து சர்வேயர் வந்தார்.
மூட்டைகளுக்காக அவரோடு ஒரு மணி நேரம் வாதாடியவர்
மோட்டார் என்றதும் என் பக்கம் திரும்பி,
"அது ஏற்கெனவே ஓடாததுண்ணே, விட்ருங்க" என்றார்,
அந்த ஆளை வைத்துக்கொண்டே.
ஒன்பது நாற்பது கேட்டோம், ஏழு எண்பது வந்தது.
ஒரு வாரம் அவர் போனை நான் எடுக்கவில்லை.

இந்த வருஷம் புதுப்பிக்கப் போனபோது
ஜெயக்கொடியும் கூட வந்தாள்,
பக்கத்தில் வளையல் வாங்க.
அதே கேள்வி. நாற்பது என்றேன், நெஞ்சறிய.

"நாப்பத்தி மூணு" என்றாள் இவள்,
பையை மடியில் வைத்தபடி.
"மாடியில இருக்க சாயநூல விட்டுட்டாரு."

பெனாசிர் நாற்காலியை
அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.