ஒன்றுவிட்ட உறவு

நோல்சோய் தீவுக்கு முதல் படகு ஏழு மணிக்கு.
ஆறு ஐம்பதுக்குத் துறைமுகத் திரையில்
நேரம் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் வெள்ளைக் கட்டம்.
ஹானுஸ் தொலைபேசியில் கத்தவில்லை.
"மூடுபனியில் படகு தெரியவில்லை,
உன் திரையில் நேரம் தெரியவில்லை,
எதை நம்பி இவர்களை நிற்கச் சொல்ல?" என்றார்.

நான் எதையும் தொடவில்லை.
(இதைச் சொல்லாத நிரலாளர் இன்னும் பிறக்கவில்லை.)
இரவில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது.
செயலி தன்னைத் தானே கட்டிக்கொண்டது,
எப்போதும்போல.
பதிவேட்டின் கடைசி வரி மட்டும்
அப்படி ஒரு கூறு இல்லை என்றது.

எப்படி ஒரு கூறு?
பெயரையே கேள்விப்பட்டதில்லை.
நூல் பிடித்துப் போனேன்.
நாங்கள் கேட்டது அட்டவணை வரையும் நூலகம்.
அது கேட்டது ஒரு நாட்காட்டியை.
நாட்காட்டி கேட்டது,
ப்ர்னோ நகரத்தில் ஸ்பினியெக் என்றொருவர்
ஒன்பது வருடமாக ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொள்ளும்
சின்னப் பொதி ஒன்றை.

சம்பந்திக்குச் சம்பந்தி வீட்டில்
நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரித்திருக்கிறார்கள்.
இங்கே என் அடுப்பு அணைந்திருக்கிறது.

காட்டமாய் ஒரு கடிதம் தொடங்கினேன்.
'அன்புள்ள' என்பதை அழித்துவிட்டுத் தொடங்கினேன்.
அனுப்பும்முன் அவர் குறிப்பைப் படித்தேன்:
பொதி கனத்துவிட்டது, பலருக்குப் புகார்.
நேரமண்டலப் பட்டியல் நான்காம் பதிப்பிலிருந்து தனிப்பொதி.
வேண்டுபவர்கள் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும்.
பதினோரு மாத முன்னறிவிப்பு.
மூன்று நினைவூட்டல்.

நாட்காட்டிக்கு அந்தப் பட்டியல் வேண்டியிருக்கவில்லை.
அது சுகமாகத்தான் ஓடுகிறது.
அப்படியானால் யாருக்கு வேண்டும்?

தேடினேன்.
எங்கள் கோப்பில், நாற்பத்திரண்டாம் வரியில்,
ஆறு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து.
கையருகே கிடந்ததே என்று எடுத்திருக்கிறேன்.
யாருக்கோ விரித்த இலையில் உட்கார்ந்து
ரசம் வரை வந்துவிட்டு
பந்தியை எடுக்கிறார்களே என்று கோபித்திருக்கிறேன்.

கடிதத்தை அழித்தேன்.
தேவைப் பட்டியலில் அந்தப் பெயரை எழுதினேன்.
ஒரே வரி. மேற்கோள் குறிகளோடு சேர்த்து
இருபத்து மூன்று எழுத்து.
திரைக்கு நேரம் திரும்பி வந்தது.

பிறகு செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்:
பூட்டுக் கோப்பை முழுசாகத் திறந்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள்.
நான் கேட்டது பத்தொன்பது.
மீதிப் பேர் எந்த ஊரில்,
யாருக்குக் காய்ச்சல், யார் வேலை மாறுகிறார்,
யார் இன்றிரவு வீட்டை ஒழுங்குபடுத்தத்
துடைப்பத்தை எடுக்கிறார்?

துறைமுகத்துக்கு இறங்கிப் போனேன்.
பள்ளிப் பிள்ளைகள் எப்போதோ அக்கரை சேர்ந்திருந்தார்கள்.
ஹானுஸ் மீன்பெட்டி அட்டையில்
தடித்த மையால் நேரத்தை எழுதி
கம்பத்தில் கட்டியிருந்தார்.
ஈரத்தில் ஏழு மட்டும் கொஞ்சம் வழிந்திருந்தது.

"திரைதான் வந்துவிட்டதே,
அட்டையை எறிந்துவிடவா?"

இருக்கட்டும் என்றேன்.
அந்தக் கயிறு யாருடையது என்று கேட்டேன்.
அவருக்கும் தெரியவில்லை.