கைக்கு வந்தது

என் வேலை கழற்றுவது.
அறுவை அரங்கின் கதவுக்கு இந்தப் பக்கம்
ஒரு நீல நாற்காலி, எஃகுத் தட்டு,
பெயர் எழுதிய காகித உறைகள்.
குவாங்சோவில் வெறும் உடம்போடு
யாரும் வருவதில்லை.
எங்காவது ஒரு பச்சை இருக்கும்.

ஆண்கள் கழுத்தில் குவான்யின் தேவி.
பெண்கள் கழுத்தில் தொப்பை குலுங்கும் புத்தர்.
முரடனுக்குக் கொஞ்சம் இரக்கம் வரட்டும்,
மனம் புழுங்குகிறவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு, என்பார்கள்.
நான் பார்த்தவரை
ஊசி என்றதும் அழுகிறவர்கள் ஆண்கள்தான்.

குழந்தைகளுக்கு, நடுவில் துளையிட்ட வட்டம்.
சிவப்புக் கயிறு. அம்மா போட்ட முடிச்சு.
வெட்டாமல் அவிழ்க்க எனக்கு நான்கு நிமிடம் ஆகும்.
டாக்டர் ஔயோங் கடிகாரத்தைப் பார்ப்பார்.
நான் பார்க்க மாட்டேன்.

போன மாதம் ஒரு வட்டிக்காரர்
பிசியூ அணிந்து வந்தார்.
செல்வத்தை விழுங்கும் மிருகம்; வாய் உண்டு,
வெளியேற்ற வழி கிடையாது.
அவருக்குக் குடல் அடைப்பு.
நான் சிரிக்கவில்லை.
உறைக்குள் போடும்போது மட்டும்
அதன் வாயை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன்,
அவர் கேட்டபடி.

செவ்வாய் காலை லுக் சாய்ஃபுங் வந்தாள்.
மீன் சந்தை ஈரத்தில் வழுக்கி
இடது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள்.
ரப்பர் பூட்ஸில் இன்னும் செதில்.
மணிக்கட்டு உடைந்திருந்தது.
வளையல் உடையவில்லை.

கைக்கு வந்தது வளையோடு போக வேண்டும்,
அதுதானே ஒப்பந்தம்.
விழுந்தால் கல் நொறுங்கும், எலும்பு தப்பும்.
"இருபத்தேழு வருஷம் சுமந்தேன்.
கடைசியில் நான் அல்லவா
இதைக் காப்பாற்றியிருக்கிறேன்?
முட்டாள் கல்."
திட்டிக்கொண்டே
அதன் மேல் ஒட்டியிருந்த சேற்றை
வலது கட்டைவிரலால் துடைத்தாள்.

ஹுவாலின் தெருக் கடையில் வாங்கியது.
அப்போது அவளுக்குக் கை ஒல்லி.
கடைக்காரி சோப்பு நுரை போட்டு ஏற்றினாளாம்.
சாம்பல் கலந்த வெளிர்நிறம், ஓரிடத்தில் மட்டும் பச்சை,
அரிசிக் கஞ்சியில் விழுந்த கீரைத் துணுக்கு போல.
போடப் போடப் பச்சை பரவும் என்றார்கள்.
"பரவியதா?" என்றேன்.
"எனக்குத் தெரியும்" என்றாள்.
அது பதிலா என்று தெரியவில்லை.

எண்ணெய் தடவினேன்.
பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி இழுத்தேன்.
நூல் சுற்றிப் பார்த்தேன்.
நெகிழவில்லை.
விரல்கள் நீலமாகத் தொடங்கின.
டாக்டர் இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.

மூன்று அடுக்குத் துணி சுற்றி,
ஒரு சின்னச் சுத்தியல்.
முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை.
நெற்றியில் வியர்த்தபடி, "அப்படித்தான்" என்றாள்,
யாரிடம் என்று தெரியாமல்.
இரண்டாவதற்கு,
பீங்கான் கிண்ணம் தரையில் படுமே, அந்த ஓசை.

கையில் ஒரு வெள்ளை வளையம் மிச்சம்,
இருபத்தேழு வருஷம் வெயில் காணாத தோல்.
அதை அவள் மூடிக்கொண்டாள்,
ஆடை விலகியதைப் போல.

துண்டுகளைச் சிவப்புத் துணியில் முடியச் சொன்னாள்.
முடிந்தேன்.
சக்கரக் கட்டில் நகரும்போது கேட்டாள்:
"நர்ஸ், இது இப்போது உடைந்தது கணக்கில் வருமா?
எனக்காக உடைந்ததா,
நீங்கள் உடைத்ததா?"

கதவு மூடிக்கொண்டது.
எனக்கு அடுத்த பெயர் காத்திருந்தது,
ஹெர்னியா, அறுபத்து நான்கு வயது, குவான்யின்.

இரவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது
அடியில் ஏதோ கீறியது.
நகத்தின் பிறை அளவு ஒரு சில்லு.
விளக்கடியில் பிடித்தேன்.
பச்சை அதில்தான் இருந்தது.

காலை ஒன்பதாம் வார்டு.
மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள்,
வாய் லேசாகத் திறந்து.
மேஜையில் சிவப்பு முடிச்சு இருந்தது.
அவிழ்க்க உட்கார்ந்தேன்.
நானே போட்டதுதான்,
நான்கு நிமிடம் ஆனது.